தற்காலிகக் கேப்டனின் 25 ரன்

2025 செப்டம்பர் 17. டப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள மாலஹைட் மைதானம். அயர்லாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்துக்கு டாஸ் போட வந்த ஜேக்கப் பெத்தலுக்கு வயது 21 ஆண்டு 329 நாள். கேப்டன் ஹாரி புரூக்குக்கு ஓய்வு கொடுத்திருந்ததால் கிடைத்த பொறுப்பு. இங்கிலாந்து ஆடவர் அணிக்குத் தலைமையேற்ற மிக இளையவர் இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. 136 ஆண்டுகளாக அந்த இடத்தில் இருந்தவரின் பெயரும் கூடவே அடிபட்டது. மான்டி பௌடன். கிரிக்கெட் புள்ளிவிவரப் பைத்தியங்களைத் தவிர மற்றவர்கள் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டிருப்பார்கள்.

டெஸ்ட் கணக்கில் அந்தச் சாதனை இன்னும் பௌடனுடையதுதான். 1889 மார்ச் 25 அன்று கேப்டவுன் நியூலாண்ட்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அணியைக் களமிறக்கியபோது அவருக்கு வயது 23 ஆண்டு 144 நாள். ஆடிய டெஸ்ட் 2. ஒரு டக், ஒரு 25. சராசரி 12.50. கேப்டனாக ஒரு டெஸ்ட், ஒரு வெற்றி. மூன்றே ஆண்டில், 26 வயதில், இறந்துபோனார். பௌடனைப் பற்றி யார் எழுதினாலும் இதைச் சொல்லிவிட்டு, சிங்கமும் விஸ்கிப் பெட்டியும் வரும் ஒரு சாவுக் கதையோடு முடித்துக்கொள்வார்கள். அந்தக் கதையை நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் வழக்கு வேறு. இந்தக் கேப்டன் சாதனையை வைத்து அன்றைய இங்கிலாந்து கிரிக்கெட்டை எடைபோடலாம். பௌடனை எடைபோட முடியாது. அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்குச் சாட்சி வேறு இரண்டு ஸ்கோர்கார்டுகளில் இருக்கிறது.

மான்டேக் பார்க்கர் பௌடன் 1865 நவம்பர் 1 அன்று தெற்கு லண்டனின் ஸ்டாக்வெல்லில் பிறந்தவர். ஓவல் மைதானத்துக்குக் கூப்பிடு தூரம். டல்லிச் கல்லூரியில் படித்து, 1883-இல், 17 வயதில் சர்ரே கவுன்ட்டி அணிக்குள் வந்துவிட்டார். விக்கெட் கீப்பர், மட்டையும் பிடிப்பார். ஆனால் சர்ரேயில் கையுறை மாட்டிக்கொள்ள ஹாரி உட் இருந்தார். எனவே பௌடன் மட்டையை நம்பியே இடம்பிடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 86 முதல்தர ஆட்டங்களில் 2,316 ரன், சராசரி 20-க்குக் கொஞ்சம் மேல். இன்றைய கண்ணுக்கு இது மூன்றாவது டிவிஷன் லீக் கணக்காகத் தெரியும். மழை பெய்தால் மூடி வைக்காத ஆடுகளங்களில், நான்கு பந்து ஓவர் காலத்தில் எடுத்த ரன்கள் இவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1888 கோடையைப் பாருங்கள். இங்கிலாந்தில் அடைமழைக் கோடை. அந்த ஜூலையில் லார்ட்ஸில் நடந்த டெஸ்டில் ஆஸ்திரேலியா 116, இங்கிலாந்து 53, மறுபடி ஆஸ்திரேலியா 60, இங்கிலாந்து 62. நாற்பது விக்கெட்டுக்கும் சேர்த்து 291 ரன்தான். இரண்டாம் நாள் மட்டும் 27 விக்கெட் சாய்ந்தது. மட்டை பிடிப்பவர்கள் பிழைத்துக் கிடந்தாலே பெரிது என்ற அந்தக் கோடையில், ஓவலில் சசெக்ஸுக்கு எதிராக சர்ரே 698 ரன் குவித்தது. பௌடன் ஆட்டமிழக்காமல் 189. வால்டர் ரீட் போன்ற பெரிய கைகள் ஆடிய அணி அது. சர்ரே இன்னிங்ஸ் மற்றும் 485 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆண்டின் சாம்பியன் கவுன்ட்டி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட அணியும் சர்ரேதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1888-இல் டிக்ளேர் செய்ய விதி கிடையாது. பத்து விக்கெட்டும் விழும்வரை ஆடியே தீர வேண்டும். ரன் போதும், எதிரணியைச் சுருட்ட நேரம் வேண்டும் என்றால் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே அவுட் ஆகிக்கொள்வார்கள். சர்ரே கேப்டன் ஜான் ஷூட்டரே அந்த வித்தையைச் செய்து காட்டியவர். கடைசி நாளில் டிக்ளேர் செய்யலாம் என்ற விதி 1889-இல்தான் வந்தது. ஆக, பௌடனின் 189 கேப்டன் பால்கனியிலிருந்து கையசைத்ததால் பாதியில் நின்ற 189 அல்ல. எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோகும்வரை நின்று எடுத்தது. அதுவே அவரது அதிகபட்சம். வயது 22.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவர் ஆஸ்திரேலியாவும் போய்வந்திருந்தார். 1887-88-இல் ஒரே நேரத்தில் இரண்டு இங்கிலாந்து அணிகள் ஆஸ்திரேலியாவில் சுற்றின. ஒன்றை ஷா, ஷ்ரூஸ்பரி, லில்லிவைட் என்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து நடத்தினார்கள். இன்னொன்று ஜி. எஃப். வெர்னனின் அணி, பௌடன் அதில். இரண்டு கடைக்கும் போதிய கூட்டமில்லாமல் பணம் முழுகியதுதான் மிச்சம். வெர்னன் அணியின் பில்லி பேட்ஸுக்கு மெல்போர்ன் வலைப்பயிற்சியில் கண்ணில் பந்து பட்டு ஆட்டவாழ்க்கையே முடிந்தது. இரு அணியினரையும் கலந்து சிட்னியில் ஒரு டெஸ்ட் ஆடினார்கள், பௌடனுக்கு இடமில்லை. அதாவது, உண்மையான பலத்தோடு ஓர் இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்தபோது பதினோரு பேரில் அவர் வரவில்லை. பின்னால் கேப்டன் ஆனதைப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த குளிர்காலம் தென்னாப்பிரிக்கா. மேஜர் வார்ட்டன் என்ற படை அதிகாரி ஏற்பாடு செய்த பயணம் இது. அந்த நாட்டுக்கு இங்கிலாந்திலிருந்து போன முதல் கிரிக்கெட் அணி. கேப்டன் சசெக்ஸின் ஆப்ரி ஸ்மித். வில்லாக வளைந்து ஓடிவந்து பந்து போடுவதால் 'மூலை திரும்பும் ஸ்மித்' என்று பட்டப்பெயர். மொத்தம் 19 ஆட்டம். உள்ளூர் அணிகள் 22 பேர், 18 பேர், 15 பேர் என்று களமிறங்கும். இவர்கள் மட்டும் 11 பேர். அப்படியும் பயணத்தின் தொடக்கத்தில் சில தோல்விகள். சமமாக பதினொருவருக்குப் பதினொருவர் ஆடிய ஆட்டம் இரண்டே இரண்டுதான். பிற்காலம் டெஸ்ட் என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டது அந்த இரண்டையே.

முதல் ஆட்டம் போர்ட் எலிசபெத்தில் மார்ச் 12, 13. ஸ்மித் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், அணி 8 விக்கெட்டில் வென்றது. பௌடன் 0. ஹாரி உட் இங்கேயும் உடன் வந்திருந்ததால் கீப்பர் வேலையும் இல்லை. அடுத்து கேப்டவுன். ஸ்மித்துக்குக் காய்ச்சல். யார் கேப்டன்?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. நியூலாண்ட்ஸில் ஆடிய பதினொருவரில் ஏழு பேர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். பாபி ஏபல், ஜார்ஜ் யூலியட், மாரிஸ் ரீட், ஜானி பிரிக்ஸ், ஹாரி உட், ஃபிராங்க் ஹெர்ன், ஆர்னல்ட் ஃபோதர்கில். இவர்களில் யார்க்‌ஷயரின் யூலியட்டுக்கு அப்போது வயது 37. 1877-இல் மெல்போர்னில் நடந்த உலகின் முதல் டெஸ்டிலேயே ஆடியவர். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவருக்கு இருந்த அளவு அனுபவம் அந்த அணியில் வேறு யாருக்கும் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் பேச்சே இல்லை, யூலியட்தான் கேப்டன். ஆனால் யூலியட் சம்பளம் வாங்கி ஆடுபவர். அந்த ஒரு காரணமே போதும், வாய்ப்பு கிடையாது.

மீதி நால்வர் அமெச்சூர்கள், அதாவது 'ஜென்டில்மேன்'கள். அவர்களில் பேஸில் கிரீவும் சார்ல்ஸ் கவென்ட்ரியும் வாழ்நாளில் ஆடிய முதல்தர ஆட்டம் இந்தப் பயணத்தின் இரண்டு டெஸ்ட்கள் மட்டுமே. எமில் மெக்மாஸ்டருக்கு நியூலாண்ட்ஸ் ஒன்றுதான் முதலும் கடைசியும். அதிலும் அவர் 0. நால்வரில் கவுன்ட்டி கிரிக்கெட் ஆடிய கை பௌடன் மட்டும். எனவே ஏழு பேரை வகுப்பு காரணமாக ஒதுக்கிவிட்டு, மூன்று பேரை ஆட்டம் காரணமாக ஒதுக்கினால் மிஞ்சியது ஒரே பெயர். இங்கிலாந்தின் மிக இளைய டெஸ்ட் கேப்டன் தேர்வானது இப்படித்தான்.

வகுப்பு என்று நான் சொல்வது மிகையல்ல. அன்றைய ஸ்கோர்கார்டுகளில் அமெச்சூர் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' அல்லது முதலெழுத்துகள் மரியாதையோடு நிற்கும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெறும் குடும்பப் பெயர். பல மைதானங்களில் உடைமாற்றும் அறை வேறு, களத்துக்குள் நுழையும் வாசலும் வேறு. ஓவலில் ஏபலும் மாரிஸ் ரீடும் உட்டும் பௌடனின் சக ஆட்டக்காரர்கள். ஏபலுக்கு அவரைவிட ஏறத்தாழ எட்டு வயதும் உட்டுக்குப் பத்து வயதுக்குமேலும் மூப்பு இருந்தும் கேப்டவுனில் அவர் சொன்ன இடத்தில் நின்றார்கள். ஷா, ஷ்ரூஸ்பரி போன்றவர்கள் இங்கிலாந்துக்குக் கேப்டனாக இருந்தது உண்டு. ஆனால் அது அவர்களே பணம்போட்டு நடத்திய பயணங்களில். அமெச்சூர் ஒருவர் கலந்த அணியில் தலைமை அவருக்கே என்பது எழுதாத சட்டம். இருபதாம் நூற்றாண்டில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்துக்குக் கேப்டன் ஆக 1952 வரை, லென் ஹட்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் முதலில் தலைமையேற்ற அந்த ஹெடிங்லி டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எடுக்கும் முன்பே நான்கு விக்கெட்டைப் பறிகொடுத்துத் திருவிழாவைத் தொடங்கிவைத்தது நம் இந்திய அணிதான்.

நியூலாண்ட்ஸ் ஆட்டத்தைப் பொறுத்தவரை, கேப்டன் மூளையைக் கசக்க வேண்டிய நேரமே வரவில்லை. இங்கிலாந்து 292. ஏபல் 120, உட் 59, பௌடன் 25. உள்ளூர்ப் பந்துவீச்சாளர் கோபோ ஆஷ்லி 95 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அது. பிறகு ஜானி பிரிக்ஸ் பந்தைக் கையில் எடுத்தார். லங்காஷயரின் இடக்கைச் சுழல், குள்ளமான ஆள். தென்னாப்பிரிக்கா 47-க்கும் 43-க்கும் சுருண்டது. பிரிக்ஸ் 17 ரன்னுக்கு 7, 11 ரன்னுக்கு 8. ஆக 28 ரன்னுக்கு 15 விக்கெட். அதில் 14 போல்டு, ஒன்று எல்பிடபிள்யூ. ஃபீல்டர் யாருக்கும் வேலையே இல்லை. சரி, அப்படியானால் ஃபீல்டரை நிறுத்திய கேப்டனுக்கு என்ன வேலை? தாக்குப்பிடித்தவர் ஒருவர்தான். தொடக்க ஆட்டக்காரர் பெர்னார்ட் டான்கிரெட் 47-இல் 26 எடுத்துக் கடைசிவரை நின்றார். டெஸ்டில் இன்னிங்ஸ் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்ற முதல் ஆள் அவர். இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 202 ரன்னில் வென்றது. பிரிக்ஸ் கையில் பந்தைக் கொடுத்ததுதான் கேப்டன் முடிவு என்றால், அந்த முடிவை அன்று ஸ்கோரரே எடுத்திருப்பார்.

இந்தப் பயணத்தில் பௌடன் செய்த பெரிய முடிவு களத்துக்கு வெளியே. அணி கப்பலேறியபோது ஸ்மித்தும் அவரும் ஊர் திரும்பவில்லை. விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இருவரும் சேர்ந்து பங்குத் தரகு நிறுவனம் தொடங்கினார்கள். 189 அடித்த ஓவலை விட்டு 23 வயதில் ஏன் போனார்? அமெச்சூர் என்ற அதே தகுதிதான் காரணம் என்பது என் கணிப்பு. கேப்டன் பதவி கொடுக்கும் அந்தத் தகுதி சம்பளம் கொடுக்காது. சொத்துள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பரவாயில்லை, இல்லையென்றால் இருபது வயதைத் தாண்டியதும் வங்கி, தரகு, காலனி வேலை என்று எங்காவது பிழைக்கப் போயாக வேண்டும். யூலியட்டுக்குக் கேப்டன் பதவி கிடையாது, ஆனால் நாற்பது வயதுவரை கிரிக்கெட்டை நம்பிச் சாப்பிட முடிந்தது. பௌடனுக்கு நேர்மாறு.

தரகுக் கடையின் நேரமும் சரியில்லை. சுரங்கம் ஆழமாகப் போனபோது கந்தகம் கலந்த பாறை வந்தது. பழைய முறையில் அதிலிருந்து தங்கத்தைப் பிரிக்க முடியவில்லை. 1889-இல் பங்குகள் மளமளவென்று சரிந்தன. சயனைடு முறை வந்து தொழிலை மீட்டுக்கொடுப்பதற்குள் சிறு தரகர்கள் பலர் காணாமல்போனார்கள். ஸ்மித் இதற்கிடையில் கடும் நோயில் விழுந்து, அவர் செத்தே போனார் என்றுகூடப் பத்திரிகையில் செய்தி வந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்து, இங்கிலாந்து திரும்பி, நாடகமேடை ஏறி, கடைசியில் ஹாலிவுட்டில் ஆங்கிலேயக் கிழட்டுக் கனவான் வேடங்களுக்கென்றே பெயர்பெற்ற நடிகரானார். அங்கே ஒரு கிரிக்கெட் கிளப்பும் தொடங்கினார். சர் பட்டத்தோடு 1948-இல் இறந்தார். ஒரே டெஸ்ட், அதிலும் கேப்டன், அதிலும் வெற்றி.

பௌடன் அங்கேயே இருந்தார். அதனால் கிடைத்ததுதான் நான் சொன்ன இரண்டாவது ஸ்கோர்கார்டு. கப்பல் நிறுவன அதிபர் டொனால்ட் கரி, வார்ட்டன் அணிக்கு எதிராகச் சிறப்பாக ஆடும் உள்ளூர் அணிக்கென்று ஒரு கோப்பை கொடுத்திருந்தார். அது கிம்பர்லிக்குப் போயிற்று. அதைப் பறிக்க டிரான்ஸ்வால் சவால் விட்டது. 1890 ஏப்ரலில் கிம்பர்லியில் நடந்த அந்த ஆட்டம்தான் கரி கோப்பையின் முதல் ஆட்டம். தென்னாப்பிரிக்க உள்நாட்டு கிரிக்கெட்டின் நூறாண்டுக் கதை அங்கிருந்து தொடங்குகிறது. கிம்பர்லி பக்கம், நியூலாண்ட்ஸில் அசையாமல் நின்ற அதே டான்கிரெட். அவர் சதம் அடித்தார். டிரான்ஸ்வால் கடைசி இன்னிங்ஸில் துரத்த வேண்டியிருந்தது. பௌடன் ஆட்டமிழக்காமல் 126 எடுத்து ஆட்டத்தையும் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அந்நிய மண், தரைக்குப் பழகியவருக்குப் புதிதான பாய் ஆடுகளம், நான்காவது இன்னிங்ஸ், எதிரே அந்த ஊரின் சிறந்த அணி. கேப்டவுனின் 25-ஐயும் இதையும் ஒரே ஆள் ஆடினார் என்பதை நம்பச் சற்று நேரமாகும்.

அதற்குப் பிறகு கிரிக்கெட் இல்லை. 1890-இல் செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி, மஷோனாலாந்தைப் பிடிக்க ஒரு படையை அனுப்பியது. முன்னோடிப் படை என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். சேருபவர்களுக்கு ஆளுக்கு 3,000 ஏக்கர் நிலம், 15 தங்கச் சுரங்க உரிமை என்று வாக்கு. நிலம் ஷோனா மக்களுடையது; அவர்களை யாரும் கேட்கவில்லை. தரகில் கைசுட்டுக்கொண்ட பௌடன் அந்தப் படையோடு வடக்கே போனார். 1892 பிப்ரவரி 19 அன்று, இன்று ஜிம்பாப்வேயின் முடாரே என்று அழைக்கப்படும் உம்டாலியில் இறந்தார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. மருத்துவமனை என்றால் ஒரு மண்குடிசை. இரவில் சிங்கம் இழுத்துப்போகாமல் உடலுக்குக் காவல் இருந்தார்கள். பலகை கிடைக்காததால் விஸ்கிப் பெட்டிகளை உடைத்துச் சவப்பெட்டி செய்தார்கள். கதை இவ்வளவுதான். கேட்க வினோதமாக இருப்பதால் ஆட்டத்தையே விழுங்கிவிட்டது.

நியூலாண்ட்ஸில் டாஸ் போட்ட இன்னொரு கேப்டனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் மில்டன். இவரும் ரோட்ஸின் ஆள். கேப் காலனி பிரதமர் அலுவலகத்தில் ரோட்ஸுக்கு நெருக்கமாக இருந்து, பிற்பாடு தெற்கு ரொடீஷியாவின் நிர்வாகியாக 1914 வரை ஆண்டார். கேப்டவுனின் வேகப்பந்து வீச்சாளர் குரோம் ஹென்ட்ரிக்ஸை, வெள்ளையர் அல்ல என்பதற்காக, 1894 இங்கிலாந்துப் பயணத்திலிருந்து நீக்கியதிலும் மில்டன், ரோட்ஸ் இருவர் கையும் உண்டு. ஒரே டெஸ்டின் இரு கேப்டன்களும் ஒரே நாட்டுக்குள் போனார்கள். ஒருவருக்குக் குடிசையில் மரணம், மற்றவருக்கு அரசாங்க மாளிகை.

இளம் கேப்டன் பட்டியல் என்று எடுத்தால் பௌடனைப் போல விபத்தில் வந்தவர்கள் நிறைய. 1962-இல் பார்படாஸில் இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு விழுந்ததால் 21 ஆண்டு 77 நாள் வயதில் பட்டௌடிக்குத் தலைமை வந்தது. ஆனால் அவர் அதை 40 டெஸ்டுக்குக் கொண்டுபோனார். 2004-இல் ஜிம்பாப்வேயின் தாதெண்டா தைபு 20 ஆண்டு 358 நாள் வயதில் ஹராரேயில் அணியை நடத்தி, அதுவரையிலான உலகச் சாதனையை முறியடித்தார். ஹீத் ஸ்ட்ரீக் விலகலும் மூத்த ஆட்டக்காரர்களின் கலகமும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. தைபுவும் விக்கெட் கீப்பர். ஹராரே என்பது முன்னோடிப் படை 1890-இல் கொடி நட்டுத் தொடங்கிய ஊர்.

சாதனைப் பட்டியலில் பௌடன் பெயர் இருக்கட்டும். விதிப்படி அது அவருடையதுதான். ஆனால் அவரை ஆட்டக்காரராக மதிப்பிட நினைப்பவர்கள் கேப்டவுன் 1889-ஐ ஓரமாக வைத்துவிட்டு, ஓவல் 1888-ஐயும் கிம்பர்லி 1890-ஐயும் எடுத்துப் பாருங்கள். இரண்டு இன்னிங்ஸிலும் அவரை அவுட் ஆக்க யாராலும் முடியவில்லை.